நிலாவுக்குப் போனவர் கையெழுத்துக்கு நான் போட்ட விலை

அச்சா, மையா? ஒன்பது வருஷம் என் பிழைப்பு இந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது.

பாண்டி பஜாரில் ஒரு ஸ்டேஷனரிக் கடை. அதன் மூலையில் தபால்தலைகளுக்கென்று நாலடி அகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் பின்னால் ஒரு முக்காலி. அதில் நான். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன், அப்போது முப்பத்திரண்டு வயது. தபால்தலையின் விளிம்புப் பல்லை எண்ணுவேன், பென்சின் என்ற திரவத்தில் நனைத்துத் தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி பார்ப்பேன், மேலே விழுந்த முத்திரை தபாலாபீஸ் மையா அல்லது யாரோ அச்சடித்து ஏமாற்றியதா என்று லென்ஸில் பார்த்துச் சொல்வேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் தபால்தலை இல்லை. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே முகங்கள் எனக்குச் சிரமம்.

மனிதன் நிலாவில் இறங்கிய பிறகு என் மூலைக்கு வேறு விதமான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அன்றைய செய்தித்தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருவார்கள். ராக்கெட் படம் போட்ட சட்டை பேட்ஜ் கொண்டுவருவார்கள். ஒருவர் கைக்குட்டையில் முடிந்து ஒரு கறுப்புக் கல் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் அனுப்பியதாம். எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எழுந்து வந்து அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"தம்பி, இது நிலாக் கல்லா, நம்ம பரங்கிமலைக் கல்லா?"

கல்லுக்குச் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

தபால்தலைக்கு விலைப் புத்தகம் உண்டு. பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் வந்தவர் வாயை மூடிக்கொள்வார். இந்த நிலாச் சாமான்களுக்கு எந்தப் புத்தகமும் கிடையாது. எதை வைத்து விலை சொல்கிறாய் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. ஆனாலும் சொன்னேன். யாராவது கேட்டுவிட்டால் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

நிலாவில் இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயந்திரம், பஜாரில் கூட்டம் நெரிகிற நேரம், இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். ஒருவர் மெலிந்தவர், மயிலாப்பூர்க்காரர், ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பழுப்பு நிற உறை ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். மற்றவர் பருமன், கையில் குடை. மெலிந்தவருடைய பெண்ணைக் குடைக்காரருடைய பிள்ளைக்கு நிச்சயம் செய்திருந்தார்கள்.

"இவர்தான் மதிப்புப் போடறவரா?" என்று குடைக்காரர் முதலாளியிடம் கேட்டார்.

"ஸ்டாம்புக்குத்தான் போடுவான். இப்ப நிலாவுக்கும் போடுதான்" என்றார் முதலாளி.

உறைக்குள் ஒரு புகைப்படம் இருந்தது. நிலாவில் நடந்தவர்களில் ஒருவர், வெள்ளை உடையில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நீல மையில் கையெழுத்து. பெண்ணின் அப்பா அமெரிக்காவுக்கு ஏழு கடிதம் எழுதி வரவழைத்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை, கிண்டி தொழிற்பேட்டையில் இன்ஜினியர், பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போய் இந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாராம். பிள்ளை வீட்டார் சீரில் ஸ்கூட்டர் கேட்டிருந்தார்கள். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் காலம் அது; பெண் வீட்டாரிடம் அதற்குப் பணமும் இல்லை. மாப்பிள்ளை நின்ற நிற்பைப் பார்த்த பெண்ணின் அப்பா, ஸ்கூட்டருக்குப் பதிலாக இந்தப் படத்தையே சீரில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளையின் அப்பா உடனே மறுக்கவில்லை. நகையை உரைத்துப் பார்ப்பதில்லையா, அதுமாதிரி இதையும் ஒருத்தர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார்.

"எழுதிக் குடுத்தா மட்டும் ஆச்சா ஓய்? என் பிள்ளை இந்தப் படத்து மேல ஏறிண்டா ஆபீஸ் போவான்?" என்று குடைக்காரர் என் முன்னாலேயே சொன்னார்.

"நிலாவுக்கே போயிட்டு வந்தவர் கையெழுத்து. கிண்டிக்குப் போகாதா?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் லென்ஸை வைத்துக் குனிந்துகொண்டேன். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். அச்சாக இருந்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். இங்கே புள்ளி இல்லை. மை, படத்தின் பளபளப்புக்கு மேலே தனியாக உட்கார்ந்திருந்தது. பேனா அழுந்திய இடத்தில் கருத்தும், ஓடிய இடத்தில் வெளுத்தும் இருந்தது.

"அச்சு இல்லை. மைதான்" என்றேன்.

"அப்போ கையால போட்டதுன்னு சொல்றேள்."

"ஆமாம்."

மை என்றால் கை. என் தொழிலில் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

"விலை?" என்றார் குடைக்காரர்.

நான் நிமிர்ந்தேன். நிமிர்ந்திருக்கக் கூடாது. பெண்ணின் அப்பா பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். "ஒரு ஸ்கூட்டர் விலை பெறுமோன்னு..." என்று மெதுவாகச் சொன்னார். அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு என்னால் வேறு தொகை எழுத முடியவில்லை. அசல் கையெழுத்து, மதிப்பு ரூபாய் மூவாயிரம் என்று கடைச் சீட்டில் எழுதினேன். முதலாளி, யாரும் கேட்காமலே, கடையின் ரப்பர் சீலை எடுத்து ஊதி, ஓங்கிக் குத்தினார். இரண்டு பெரியவர்களும் அங்கேயே கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து முதலாளி என்னை மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்கு அனுப்பினார். கடையில் மாட்ட நிலாத் தபால்தலைகள் ஒரு வரிசைக்குச் சட்டம் போட வேண்டும். அங்கே ஒரு பாய், மூன்று தலைமுறையாகப் படத்துக்குச் சட்டம் போடும் குடும்பம். என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"வா சார், நல்ல நேரத்துக்கு வந்தே. நீ நிலா மேட்டர் ஆளாச்சே. ரெண்டு போட்டோ ஒண்ணு மாரியே கீது. சீட்டு ஒட்டி வெச்சேன், காத்துல பறந்துகினு போச்சு. எது மயிலாப்பூர் ஐயரு குடுத்தது, எது அடையாறு காலேஜு பையன் குடுத்ததுன்னு பாத்து சொல்லு."

மேஜையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அதே வெள்ளை உடை, அதே சிரிப்பு, அதே நீல மை. மயிலாப்பூர்ப் படத்தின் வலது மூலை தபாலில் மடங்கியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அதைக் காட்டிச் சொன்னேன். பாய் எடுத்துத் தனியாக வைக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

ஏதோ சரியில்லை. சட்டைப்பையில் எப்போதும் தபால்தலை சுற்றும் பட்டர் பேப்பர் வைத்திருப்பேன். அதை ஒரு கையெழுத்தின் மேல் வைத்துப் பென்சிலால் மேலோட்டமாக வரைந்தேன். எடுத்து மற்றதன் மேல் வைத்தேன். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. கடைசி எழுத்தின் வாலில் பேனா சின்னதாக ஒரு நடுக்கம் நடுங்கியிருந்தது. இரண்டிலும் அதே இடத்தில் அதே நடுக்கம்.

"ஒரே ஆளு போட்டா ஒரே மாரிதானே சார் இருக்கும்" என்றார் பாய்.

"உங்க கையெழுத்தை ரெண்டு தடவை போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே அட்டைத் துண்டில் உருதுவில் இரண்டு தடவை போட்டார். இரண்டாவது, முதலாவதைவிட ஒரு விரற்கடை நீளமாகப் போயிருந்தது. அவரே பட்டர் பேப்பரை வாங்கி வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அப்போ இன்னா சார், மெஷினா?"

"பேனாவை மெஷின் பிடிக்குமா?"

"நிலாவுக்கே மெஷின் வுட்டவன், கையெழுத்துக்கு ஒரு மெஷின் வெக்கமாட்டானா?"

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்ததும் எழுந்திருக்க வேண்டும்போல் இருந்தது. உலகம் முழுக்க இருந்து வருகிற கடிதத்துக்கெல்லாம் ஒரு மனிதர் கையெழுத்துப் போட முடியாதுதான். இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட படம் முப்பது ரூபாய் பெறும். ஆசைப்பட்டவர் கேட்டால் நாற்பது. நான் மூவாயிரம் என்று எழுதிச் சீல் குத்திக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சீட்டின் மேல் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுகொண்டிருக்கிறது.

அதன் பிறகு கடையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தபால்தலையின் பல்லை மூன்று தடவை எண்ணி மூன்று தொகை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் பனகல் பார்க்கைச் சுற்றி நடப்பேன். வெயிலில் இரண்டு சுற்று, சில நாள் நான்கு. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வருவேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு யாராவது கண்டுபிடித்து, அந்தப் பெண் அந்த வீட்டில் தினம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் என் கையால்.

பாயிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மூன்று நாள் சாயந்திரம் மயிலாப்பூருக்குப் போனேன். அவர்கள் வீடு இருந்த தெருமுனையில் ஒரு சோடாக்கடை. அங்கே நின்று ஒரு சோடா குடிப்பேன், வாசலைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். மூன்றாம் நாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் ஷிப்ட் முடித்து வந்த ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். தோளில் கைப்பை, கண்ணில் தூக்கக் கலக்கம்.

"மூணு நாளா இங்கே நிக்கறேள். கடையில பார்த்திருக்கேன், நீங்கதானே பாண்டி பஜார் ஸ்டாம்ப்காரர்? அப்பாவைப் பார்க்கணுமா?"

கல்யாணப் பெண் அவள்தான். பட்டர் பேப்பரை எடுத்து நீட்டினேன். அதைக் காட்டிக்கொண்டே, பாதி அவளிடமும் பாதி சோடாக்கடைப் பலகையிடமுமாகச் சொல்லி முடித்தேன்.

அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"சட்டம் போடற பாய்க்கு. அவர் சொல்ல மாட்டார்."

"அப்பாவுக்குச் சொல்லாதீங்கோ. ஏழு கடுதாசி எழுதி வரவழைச்சது. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லை, எல்லாருக்கும் காட்டியாச்சு." கைப்பை வாரை விரலில் சுற்றினாள். "இதுக்கு முன்னாடி நாலு பேர் என்னைப் பார்த்துட்டுப் போயிருக்கா. பாடு, நட, திரும்புன்னா. இவர் ஒருத்தர்தான், 'நைட் ஷிப்ட்ல தூக்கம் வந்தா என்ன பண்ணுவேள்'னு கேட்டார். எனக்கு இந்தக் கல்யாணம் வேணும். அவர்கிட்ட நானே சொல்றேன்."

"எப்போ?" என்றேன்.

"தைரியம் வர்றபோது" என்றாள்.

அது எனக்குப் புரிந்தது. ஆனால் நிம்மதியாக இல்லை. சொன்னாளா, சொல்லவில்லையா? யாரைக் கேட்பது? வாரம் ஒன்று போனது. கடை வாசலில் குடை விரிவது தெரிந்தாலே எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

ஒரு நாள் அந்தக் குடையே வந்தது. ஓட நேரமில்லை. பிள்ளையின் அப்பா, சட்டம் போட்ட படத்தை என் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். பக்கத்தில் என் சீட்டை வைத்தார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாம்."

"என் பிள்ளை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பதிஞ்சு வச்ச ஸ்கூட்டர் வந்துடுத்து. இந்த மாசமே பணம் கட்டி எடுக்கணும். அதனால சம்பந்தியைக் கேட்டு வாங்கிண்டு வந்துட்டேன். நீங்களே எடுத்துக்கோங்கோ. மூவாயிரம் வேண்டாம். ரெண்டாயிரத்து எண்ணூறு கொடுங்கோ."

நான் படத்தின் சட்டத்தைத் துணியால் துடைத்தேன்.

"சரி, ஐந்நூறு. ரெண்டாயிரத்து ஐந்நூறு."

முதலாளி நோட்டுப் புத்தகக் கட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "மதிப்புப் போட்டவனே வாங்கணும்னா ஊர்ல ஒரு ஆசாரி மிஞ்ச மாட்டான் சாமி" என்றார்.

"அவர் சொல்லட்டும். மூவாயிரம் பெறும்னு எழுதினவர், ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக்கூட எடுக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. பணமில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அதுவும் உண்மைதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு பாரிமுனைப் பூக்கடை வரைக்கும் ஒவ்வொரு கடையாக ஏறுவார், எங்கோ ஒருவர் சிரிப்பார் என்று தெரிந்தது.

"கையால போட்டது இல்லை. மெஷின் போட்டது. நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். முப்பது ரூபாய் பெறும்" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. படத்தை ஒரு தடவை பார்த்தார், சீட்டை ஒரு தடவை பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் நம்பித்தான் கொடுத்தார்."

"அதை நீங்க சொல்லி நான் நம்பணும்" என்றார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். முதலாளி எழுந்து வந்தார். கடையின் ரப்பர் சீலை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

அன்று சாயந்திரமே தெருவில் நின்று பெண்ணிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள், கடை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், கையிடுக்கில் டிபன் பெட்டியுடன் ஒருவர் வந்து என் பெட்டி அருகே நின்றார். விலை எதுவும் கேட்கவில்லை. தபால்தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தபால்தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த பட்டர் பேப்பர் இருக்கா?" என்றார் கடைசியில். மாப்பிள்ளை.

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பேசினோம்.

"கடைசி எழுத்துல நடுங்கறது பார்த்தேளா? ஒரிஜினல் கையெழுத்துல இருந்த நடுக்கம். அதை ஒரு தகட்டுல வெட்டி, அது மேல ஒரு கம்பி ஓடி, கம்பி நுனியில பேனா இருக்கும்னு நினைக்கறேன். அவர் கை ஒரு தடவை நடுங்கினதை இது ஆயிரம் தடவை நடுங்கறது."

"உங்களுக்கு வருத்தமில்லையா?"

"அவ போன வாரமே சொல்லிட்டா. பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுண்டு சொன்னா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான்தான் தள்ளிப் போட்டுண்டே இருந்தேன். அதுக்குள்ள அவர் இங்கே வந்துட்டார்." டிபன் பெட்டியை இடக்கைக்கு மாற்றினார். "நான் சொல்லியிருந்தா நீங்க இத்தனை பேருக்கு முன்னாடி சொல்ல வேண்டியிருந்திருக்காது."

"கல்யாணம்?"

"எனக்கு பஸ் போதும்னு சொல்லிட்டேன். அப்பா ரெண்டு நாளா என்னோட பேசலை. அவாத்துக்குப் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டும் வந்துட்டார். என்ன பேசினார்னு தெரியாது. தேதியை மாத்தலை. அவ்வளவுதான் தெரியும்."

போகும்போது பட்டர் பேப்பரைத் தரலாமா என்று கேட்டார். கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போகும் முகம் இல்லை. ஆனால் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்பதும், மண்டபம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் என்பதும் பாய் கடைக்கு வந்த பத்திரிகையைப் பார்த்து எனக்குத் தெரியும். அன்று காலை முதலாளியிடம் பல்வலி என்று சொல்லி அனுப்பிவிட்டு மயிலாப்பூருக்கு வந்தேன். மண்டபத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பூக்காரம்மா கூடையுடன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், யாருக்காகவோ காத்திருப்பவன்போல் நின்றேன்.

வாழைமரம் கட்டியிருந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் இன்னும் மெலிந்திருந்தார். ஒன்பதரைக்குக் குடைக்காரர் உள்ளேயிருந்து விடுவிடுவென்று வாசலுக்கு வந்தார். பெண்ணின் அப்பா பன்னீர்ச் செம்பை யார் கையிலோ கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே படியிறங்கினார். குடைக்காரர் கையை நீட்டி நீட்டிப் பேசினார். மற்றவர் தலை குனிந்து கேட்டார். பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது வாசலில் இருவரையும் காணவில்லை.

நான் குளத்தை ஒரு சுற்று நடந்தேன். பாதிச் சுற்றில், அந்த நேரத்தில்தான் ஏதாவது நடக்கும் என்று தோன்றி, அவசரமாகத் திரும்பி வந்தேன். பத்தாகிவிட்டது. உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தது. பத்தேகாலுக்கு அது திடீரென்று நின்றது. வாசலில் நின்ற இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் உதட்டைப் பிதுக்கினார். பூக்காரம்மாவின் கூடையில் இருந்த முழங்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கை நிற்கவில்லை.

அப்போது கெட்டிமேளம் கொட்டியது. தவில் இரண்டும் சேர்ந்து, தெரு முழுக்க அதிர. பூக்காரம்மா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாலி ஏறிடுச்சு" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா சார், காலையிலேர்ந்து நின்னுகினே கீறே. உள்ள போய் சாப்புடு. இவங்க வூட்டு சாப்பாடு நல்லா இருக்கும்."

"பசியில்லைம்மா" என்றேன். நல்ல பசி.